சமரச அலுவலரின் நாற்காலி காலியாகக் கூடாது

தமிழ்நாடு அரசின் நிதித் துறைக்கும், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும் செயலர்களுக்கும் வணக்கம்.

இதை எழுதும் நாங்கள் ஒரே தரப்பைச் சேர்ந்தவர்கள் அல்ல. தொழிற்சங்க நிர்வாகிகள் இருக்கிறோம். ஆலைகளில் மனிதவளப் பொறுப்பில் இருப்பவர்கள் இருக்கிறோம். இரு தரப்புக்கும் வழக்காடும் தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்களும் இருக்கிறோம். கூலி எவ்வளவு, வேலைப்பளு எவ்வளவு என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போவது அரிது. ஆனால் தொழில் தகராறுகளில் எங்கள் நடுவில் உட்கார்ந்து பேசி இணங்கவைக்கும் அரசின் சமரச அலுவலர் வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. அவருடைய பணியிடத்தையும் அவர் அலுவலகத்துக்கான செலவினத்தையும் வரவு செலவுத் திட்டத்தில் குறைக்க வேண்டாம், காலியிடங்களை நிரப்புங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நிதிவெட்டு எப்போதும் அரசாணை போட்டுக்கொண்டு வருவதில்லை. ஓய்வுபெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் நிற்கும். பக்கத்து ஊர் அலுவலருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஒரு குறிப்பாணை வரும். தட்டச்சர் மாற்றுப் பணியில் வேறு அலுவலகத்துக்குப் போவார். சில ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த பணியிடம், அத்தனை நாள் ஆளில்லாமலேயே ஓடியதே என்ற காரணத்துக்காகவே அரசிடம் ஒப்படைக்கப்பட்டு இல்லாமல் போய்விடும். கோப்பில் எந்த இடத்திலும் ‘வெட்டு’ என்ற சொல் இருக்காது. தாவா (தொழில் தகராறு) மனுவோடு பஸ் ஏறி வருகிறவருக்கு மட்டும் அலுவலர் இன்று இந்த ஊரில் இல்லை என்ற பதில் கிடைக்கும்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. பழைய முறையில் சமரசம் முறிந்தால் அறிக்கை அரசுக்குப் போகும். தாவாவைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அரசு முடிவு செய்யும். புதிய சட்டத்தில் அந்தப் படி இல்லை. முறிவறிக்கை வந்து 90 நாளுக்குள் எந்தத் தரப்பும் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பணிநீக்கம் செய்யப்பட்ட தனித் தொழிலாளி, சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாள் கழிந்தாலே போகலாம். ‘எப்படியும் தீர்ப்பாயத்துக்குத்தானே போகப்போகிறார்கள், நடுவில் சமரச அலுவலர் செய்வது தபால் வேலைதானே’ என்ற எண்ணம் இதிலிருந்து எளிதாகக் கிளம்பும். அது தவறு என்பதை அந்த அறைக்குள் நடப்பதைக் காட்டித்தான் சொல்ல முடியும்.

ஒரு ஊதிய தாவாவை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாங்களே போட்டவை. 300 பேர் வேலை செய்யும் ஆலை. பழைய ஒப்பந்தம் முடிந்து 14 மாதம் ஆகிவிட்டது. சங்கம் மாதம் ரூ.6,000 உயர்வு கேட்கிறது. நிர்வாகம் ரூ.3,000-த்தில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரூ.4,500 என்று நடுவில் கோடு கிழித்து முடித்துவிடலாம் என்று தோன்றும். உண்மையில் அந்த 4,500 என்ற எண்ணுக்கு வந்த பிறகுதான் பேச்சே தொடங்குகிறது.

முதலில், அது முதல் மாதத்திலிருந்தே முழுத்தொகையா, ஆண்டுக்கு ரூ.1,500 வீதம் மூன்று தவணையா? மூன்றாண்டு ஒப்பந்தத்தில் முதல் வகையானால் ஒருவருக்கு 36 மாதத்தில் ரூ.1,62,000 கிடைக்கும். இரண்டாவது வகையானால் 18,000, 36,000, 54,000 என்று கூட்டி ரூ.1,08,000. ஒருவருக்கு ரூ.54,000 வித்தியாசம், 300 பேருக்கு ரூ.1.62 கோடி. இரண்டுக்கும் வாயிற்கூட்டத்தில் சொல்லும் பெயர் ‘4,500 ரூபாய் உயர்வு’தான்.

அடுத்து, அந்தத் தொகை எந்தத் தலைப்பில் ஏறுகிறது? அடிப்படைச் சம்பளத்திலா, பஞ்சப்படியிலா, வீட்டு வாடகைப்படியிலா, வருகைக்கான ஊக்கத்தொகையிலா? பணிக்கொடைக் (கிராச்சுவிட்டி) கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படையில் ரூ.1,000 ஏறினால் 20 ஆண்டு சர்வீஸ் உள்ளவருக்குப் பணிக்கொடையில் ரூ.11,538 கூடும். அதே ஆயிரத்தை வாடகைப்படியில் போட்டால், படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டாதவரை, பணிக்கொடையில் ஒரு பைசாகூடச் சேராது. நிர்வாகம் தொகையில் இறங்கி வந்து தலைப்பில் மீட்டுக்கொள்ளும். சங்கம் தொகையை விட்டுத் தலைப்பைப் பிடிக்கும். பேரம் நடக்கும் இடம் இதுதான்.

நிலுவை தனிக் கணக்கு. தவணை முறையில் முடிந்தால் கடந்துபோன 14 மாதத்துக்கு ஒருவருக்கு ரூ.24,000 வரும்: முதல் 12 மாதத்துக்கு மாதம் 1,500, அடுத்த 2 மாதத்துக்கு மாதம் 3,000. 300 பேருக்கு ரூ.72 லட்சம். ஒரே மாதத்தில் அதை எடுத்து வைக்க முடியாத நிர்வாகம், நிலுவையே கிடையாது, கையெழுத்தான நாளிலிருந்துதான் உயர்வு என்று சொல்லும். பேச்சு முறிவது பெரும்பாலும் இங்கேதான். அனுபவமுள்ள அலுவலர் இந்த இடத்தில் பாதியைத் தீபாவளி போனஸோடு, மீதியை இரண்டு தவணையாக, நடுவில் ஓய்வுபெறுகிறவருக்கு மட்டும் முழுத்தொகை உடனே என்று ஒரு யோசனை வைப்பார். ஓய்வுபெறுகிறவரைப் பற்றிய அந்த ஒரு வரியை எழுத மறந்தால் அதுவே அடுத்த தாவா.

பிறகு உற்பத்தி. ‘உற்பத்தியை உயர்த்தத் தொழிலாளர்கள் ஒத்துழைப்பார்கள்’ என்று மொட்டையாக எழுதிய ஒப்பந்தம் ஆறு மாதம் தாங்காது. எந்த இயந்திரத்தில், ஷிப்டுக்கு எத்தனை உருப்படி, மின்தடையும் மூலப்பொருள் தட்டுப்பாடும் வந்த நேரத்தை எப்படிக் கழிப்பது, கழித்த நேரத்தை யார் எழுதி யார் கையெழுத்திடுவது என்று ஒவ்வொன்றையும் வாக்கியமாக்க வேண்டும். ஒரு பிற்பகல் முழுவதும் இந்த ஒரு பிரிவுக்கே போகும்.

இவற்றை இரு தரப்பும் தாங்களே பேசி முடித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடிகிற இடங்களில் முடித்துக்கொள்கிறோம். முடியாத இடத்தில் தடை என்னவென்றால், முதலில் எண்ணைச் சொல்கிறவர் மாட்டிக்கொள்வார். நிர்வாகம் 3,800 வரை வரத் தயாராக இருக்கும். ஆனால் வாய்விட்டுச் சொன்ன மறுகணம் அது தரையாகிவிடும், அதற்கு மேல்தான் பேச்சு. சங்கமும் 5,000-க்கு இறங்கலாம் என்று செயற்குழுவில் பேசி வைத்திருக்கும். நேரடியாகச் சொன்னால் அதுவே கூரையாகிவிடும். ஆகவே இருவரும் அலுவலரிடம் தனித்தனியாக மட்டும் சொல்வார்கள். அவர் யார் சொன்ன எண்ணையும் வெளியிடாமல், ‘இப்படி ஒரு யோசனை வந்தால் பார்ப்பீர்களா’ என்று தன் யோசனையாக மேசையில் வைப்பார். அது தோற்றால் தோற்றது அவர் யோசனை. யாரும் இறங்கியதாகக் கணக்கில்லை. இந்த வேலைக்கு இரண்டு அறை வேண்டும், கதவு மூட வேண்டும், பேசி முடித்த அன்றே தட்டச்சு செய்து கையெழுத்து வாங்க ஆள் வேண்டும். ‘நாளைக்கு வாருங்கள்’ என்று சொன்னால் இரவோடு இரவாக இரண்டு பக்கமும் மனம் மாறிவிடும். தட்டச்சர் பணியிடத்தைச் சின்னச் செலவு என்று குறைப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்று விரும்புகிறோம்.

இப்போது 45 நாளுக்கு வருவோம். புதிய சட்டப்படி சமரசம் தொடங்கி அதற்குள் அறிக்கை போக வேண்டும். மனுவைப் பதிவு செய்து, எண் போட்டு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி, நிர்வாகம் விளக்கம் தாக்கல் செய்ய ஒரு வாய்தா, சங்கம் மறுவிளக்கம் கொடுக்க இன்னொரு வாய்தா. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே உருப்படியான பேச்சுக்குக் கடைசி இரண்டு வாரம்தான் மிஞ்சும். கூடுதல் பொறுப்பில் இருக்கும் அலுவலர் இந்த ஊரில் வாரம் இரண்டு நாள் உட்காருகிறார் என்று வையுங்கள். 45 நாளில் 13 அமர்வு நாள். நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 78 மணி. கையில் 60 தாவா இருந்தால் ஒன்றுக்குச் சரியாக 78 நிமிடம். மேலே சொன்ன ஊதிய தாவாவுக்கும் அதே 78 நிமிடம்தான். உற்பத்திப் பிரிவை எழுதவே அது போதாது. நோட்டீஸ் சாதாரணத் தபாலில் போய், ‘எங்களுக்கு வரவில்லை’ என்று ஒரு தரப்பு சொல்லிவிட்டால் அதிலும் பாதி போய்விடும். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்ப ஆகும் செலவைச் சில்லறைச் செலவினத்தில் சுருக்கினால், 45 நாளில் இரண்டு வாரத்தை அரசே எடுத்து எறிந்ததாகத்தான் பொருள்.

வேலைநிறுத்த அறிவிப்பு வந்துவிட்டால் 45 நாளும் கிடையாது, 14 நாள்தான். இந்த இடத்தை நிதித் துறை அலுவலர்கள் சற்று நின்று படிக்க வேண்டும். பழைய சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் வேலைநிறுத்த அறிவிப்பு சமரச அலுவலர் கைக்கு வந்த நாளிலேயே சமரசம் தொடங்கியதாகக் கொள்ளப்படும். புதிய சட்டத்தில் எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் அறிவிப்பு கட்டாயம். ஆனால் சமரசம் தொடங்குவது அலுவலர் நடத்தும் முதல் கூட்டத்தின் நாளில்தான். அறிவிப்பு மேசையில் கிடந்தால் மட்டும் போதாது. அலுவலர் இல்லை, அல்லது அவருக்கு நேரம் இல்லை, முதல் கூட்டம் நடக்கவில்லை என்றால் என்ன ஆகும்? சமரச நடவடிக்கை நடக்கும்போதும் அது முடிந்து 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது என்ற தடை உயிர்பெறாது. அதே காலத்தில் தொழிலாளரின் வேலை நிலைமைகளை நிர்வாகம் மாற்றக் கூடாது, தாவாவில் சம்பந்தப்பட்டவரை அனுமதியின்றித் தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் உயிர்பெறாது. இரு தரப்பையும் கட்டி வைத்திருக்கும் கயிறு ஒன்றே. முதல் கூட்டம் என்ற முடிச்சு விழாவிட்டால் இரண்டு முனையும் அவிழ்ந்துவிடும். 15-ஆம் நாள் காலையில் ஆலை வாயிலில் அரசுக்குச் சட்டப்படி கையில் இருக்கும் கருவி போலீஸ் மட்டும்தான் என்ற நிலை வரும். அந்த நிலையை நாங்கள் யாரும் விரும்பவில்லை.

சமரசத்துக்கு நிரந்தர ஏற்பாடு இல்லாத காலத்தைச் சென்னை பார்த்திருக்கிறது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது; 1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் இழுத்து, புளியந்தோப்பில் தொழிலாளர் குடியிருப்புகளே ஒன்றோடொன்று மோதும் கலவரமாக முடிந்தது. 1929-ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்படும்போது அமைக்கும் தற்காலிக வாரியங்களைத்தான் தந்தது. சமரச அலுவலர் என்ற பதவி 1938-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்து, 1947 சட்டத்தில் நிலைபெற்றது. அந்த நாற்காலி அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது.

நிர்வாகத் தரப்பில் கையெழுத்திடும் எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பழைய சட்டப்பிரிவு எண்களிலேயே சொல்கிறோம், எல்லோருக்கும் பழக்கமானவை அவை. சங்கமும் நிர்வாகமும் தாங்களாகப் போடும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டும். சமரச அலுவலர் முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் ஆலையில் உள்ள எல்லாத் தொழிலாளரையும், கையெழுத்திடாத சங்கத்தின் உறுப்பினரையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரையும், ஆலை கைமாறினால் புதிய முதலாளியையும் கட்டும். இந்த வேறுபாட்டின் சாரம் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. இரண்டு மூன்று சங்கங்கள் உள்ள ஆலையில் 18(1) போட்டுவிட்டு வந்தால், அடுத்த வாரமே மற்றொரு சங்கம் அதே கோரிக்கையோடு வந்து நிற்கும். மூன்றாண்டு ஊதியச் செலவு இவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்தால்தான் விலைப்புள்ளி கொடுக்க முடியும், புதிய ஆர்டர் எடுக்க முடியும். அந்த உறுதியைத் தரும் ஆவணத்தில் அலுவலரின் கையெழுத்து வேண்டும். அவர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார் என்பதற்காக ஒப்பந்தம் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் நிலுவை கூடிக்கொண்டே போகும். முதலீட்டாளர் மாநாடுகளுக்குச் செய்யும் செலவைக் குறை சொல்லவில்லை. முதலீடு வந்த பிறகு ஆலை அமைதியாக ஓடுவதற்கான செலவு இந்தத் தலைப்பில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறோம்.

சமரசம் தோற்றால்கூட அலுவலரின் வேலை வீணாவதில்லை. 18 கோரிக்கைகளோடு வந்த தாவாவில் 13 முடிந்து 5 நின்றுவிட்டது என்று வைப்போம். நேரமும் பயிற்சியும் உள்ள அலுவலர், முடிந்த 13-க்கும் தனியாக ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, மீதி 5-இல் இரு தரப்பும் எந்த எண்ணில், எந்தச் சொல்லில் நின்றார்கள் என்று முறிவறிக்கையில் எழுதுவார். தீர்ப்பாயம் அந்த ஐந்தை மட்டும் பார்த்தால் போதும். நேரமில்லாதவர், ‘பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஏற்படவில்லை’ என்று இரண்டு வரி எழுதி அனுப்புவார். சீருடைத் துணி எத்தனை மீட்டர், கேண்டீன் டீ எவ்வளவு என்பது உட்படப் பதினெட்டும் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் சாட்சி, குறுக்கு விசாரணை, ஆவணக் குறியீடு. நடுவில் அரசு வடிகட்டி அனுப்பும் படியும் இப்போது இல்லாததால், முறிவறிக்கையின் தரம் முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. சமரசத்தில் மிச்சம் பிடித்த பணத்தைத் தீர்ப்பாயத்தில் நீதிபதி, உறுப்பினர், ஊழியர், கட்டடம் என்று பல மடங்காகக் கட்ட வேண்டியிருக்கும்.

சங்கமே இல்லாத தொழிலாளியின் நிலை தனி. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு தையல் தொழிலாளி, ஒரு செக்யூரிட்டி, ஓர் ஓட்டல் சமையலர். இவர்களில் பலருக்குத் தேவை மறுபடி வேலையே அல்ல. கணக்கு முடித்துக் கொடுத்தால் போதும். கடைசி மாதச் சம்பளம், விடுப்புக்கான ஊதியம், பணிக்கொடை, அனுபவச் சான்று, பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்வது. வேலை போனால் 2 வேலைநாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்புச் சட்டம். பணிக்கொடைக்கு 30 நாள் கெடு. இவையெல்லாம் சிறு முதலாளிகள் பலருக்குத் தெரியாது. அலுவலர் அனுப்பும் நோட்டீஸும் ஒரு தொலைபேசி அழைப்புமே பல தாவாக்களை முடித்துவிடும். தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்பட்டவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும் என்று தமிழ்நாட்டுக்கு 1981-இலேயே தனிச் சட்டம் வந்தது. அதைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அலுவலர் மனுவைப் படித்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்.

சமரசப் பேச்சில் உரிமையோடு வழக்கறிஞரை அழைத்து வர முடியாது என்பது 1947 சட்டத்தில் வைத்த விதி. எங்களில் வழக்கறிஞர்களாக இருப்பவர்களுக்கும் அது சரியென்றே படுகிறது. கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, தமிழில் எழுதிய ஒரு தாள் போதும் என்ற ஒரே இடம் அது. அந்த இடத்தை ஒடுக்கிவிட்டு ‘தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம்’ என்று சொன்னால், போகக்கூடியவர் யார், போகாமலே விட்டுவிடுகிறவர் யார் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தனித் தாவாவுக்கு முன்பு 3 ஆண்டாக இருந்த காலவரம்பு இப்போது 2 ஆண்டு.

செலவைக் குறைக்கச் சமரசப் பிரிவையும் அமலாக்கப் பிரிவையும் ஒரே அலுவலரிடம் கொடுத்துவிடலாம் என்ற யோசனையை யாராவது முன்வைத்தால் தயவுசெய்து ஏற்காதீர்கள். குறைந்தபட்சக் கூலி, கடைச் சட்டம், எடையளவு என்று சோதனைக்குப் போகிறவர் நாளைக்கு அதே முதலாளி மேல் வழக்குப் போடும் அதிகாரம் உள்ளவர். அவரிடம் எந்த முதலாளியும் உண்மையான சம்பளப் பதிவேட்டைத் திறந்து, ‘என்னால் இவ்வளவுதான் முடியும்’ என்று காட்ட மாட்டார். தொழிலாளியும், தான் கொடுத்த மிகைநேரப் புகாரை ஊதிய உயர்வுக்கு ஈடாக விட்டுக்கொடுக்கச் சொல்வாரோ என்று அஞ்சுவார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1947-ஆம் ஆண்டுப் பரிந்துரை எண் 81, தொழிலாளர் ஆய்வாளரின் பணியில் சமரசம் சேரக் கூடாது என்று சொல்கிறது. 1951-இன் பரிந்துரை எண் 92, சமரசம் இலவசமாகவும் விரைவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. துறைக்குள் இரண்டையும் பிரித்து வைத்திருப்பதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

இத்தகைய சேவையின் நிதியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா அண்மையில் காட்டியது. 1947-இல் அமைந்த அவர்களுடைய கூட்டாட்சி மத்தியஸ்த, சமரசச் சேவைக்கு ஆண்டுச் செலவு 5 கோடி டாலரைச் சற்றே தாண்டும். அந்த அரசின் கணக்கில் அது கடுகளவு. 2025 மார்ச் 14 அன்று வந்த அதிபர் ஆணைக்குப் பிறகு, அந்த மாத இறுதிக்குள் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் விடுப்பில் அனுப்பப்பட்டனர். விரல்விட்டு எண்ணக்கூடிய மத்தியஸ்தர்களே மிஞ்சினர். தனியார் துறையில் 1,000 பேருக்கு மேல் உள்ள தாவாக்களும், 250 பேருக்கு மேல் உள்ள மருத்துவமனைத் தாவாக்களும் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும் என்று சுருங்கியது. ஒப்பந்தத்தை மாற்ற விரும்பும் தரப்பு அந்தச் சேவைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அறிவிப்புகள் போயின; எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. சில மாநிலங்கள் வழக்குப் போட்டு, 2025 மே 6 அன்று ரோட் ஐலண்டு கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்த பிறகே ஊழியர்கள் திரும்பினார்கள். நடுவில் போன வாரங்களுக்குள் காலக்கெடு முடிந்த ஒப்பந்தங்களை எந்த நீதிமன்றமும் பின்னோக்கித் திருப்ப முடியாது.

நம் பக்கத்து அனுபவம் ஒன்று. 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய சாம்சங் ஆலை வேலைநிறுத்தம், அமைச்சர்கள் வரை பேச வேண்டியதாகி அக்டோபர் 15 அன்று முடிவுக்கு வந்தது. அன்று ஏற்கப்பட்ட அறிவுரைகளில் முக்கியமான ஒன்று, கோரிக்கைகளுக்கு நிர்வாகம் சமரச அலுவலர் முன் எழுத்துமூலம் பதில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது. ஐந்து வாரப் போராட்டமும் உயர்மட்டப் பேச்சும் கடைசியில் வந்து இறங்கிய இடம் அந்தச் சாதாரண அலுவலகம்தான். அமைச்சர் எல்லாத் தாவாவிலும் உட்கார முடியாது. செய்தியில் வராத நூற்றுக்கணக்கான ஆலைகளில் அந்த அலுவலகம் முதல் நாளிலேயே திறந்திருந்தால் அமைச்சர் வரை போக வேண்டிய தேவையும் வராது.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. சமரசப் பணிக்கென்று இப்போது ஒப்பளிக்கப்பட்டிருக்கும் பணியிடங்களில் ஒன்றைக்கூட ஒப்படைக்கவோ வேறு பணிக்கு மாற்றவோ வேண்டாம். ஓய்வுபெறும் நாள் முன்கூட்டியே தெரிந்த ஒன்று; புதியவர் குறைந்தது மூன்று மாதம் முன்னால் வந்து பழையவரோடு பேச்சுகளில் உட்கார்ந்து பழகும்படி நியமனம் நடக்கட்டும். இந்த வேலையைச் சுற்றறிக்கையில் படித்துக் கற்க முடியாது. கூடுதல் பொறுப்பு தவிர்க்க முடியாமல் வந்தால் அதற்குக் காலவரம்பு வேண்டும். புதிய சட்டத்தின் கெடுக்களுக்கு ஏற்ப, வேலைநிறுத்த அறிவிப்பு வந்த 3 வேலைநாளுக்குள் முதல் கூட்டத்தை நடத்தத் தேவையான ஆளும் வண்டியும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டும். தட்டச்சர், இரண்டாவது அறை, பதிவுத் தபால் செலவு ஆகிய மூன்றும் சின்னவை. இவற்றில் கை வைக்காதீர்கள். இணையத்தில் மனு வாங்கும் வசதியை வரவேற்கிறோம், ஆனால் அது பதிவேட்டுக்கு மாற்றே தவிர அலுவலருக்கு மாற்று அல்ல. செல்போனில் படிவம் நிரப்ப முடியாதவரின் தாள் மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது.

ஒன்றை மட்டும் செலவே இல்லாமல் செய்யலாம். ஒவ்வொரு சமரச அலுவலகத்திலும் மாதம் எத்தனை தாவா வந்தது, முதல் கூட்டம் எத்தனையாவது நாளில் நடந்தது, எத்தனை ஒப்பந்தமாக முடிந்தது, எத்தனை முறிந்தது, அந்த மாதம் அந்த நாற்காலி எத்தனை நாள் காலியாக இருந்தது என்ற ஐந்து எண்களைத் துறை வெளியிடட்டும். அடுத்த நிதியாண்டுக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் அந்தப் பட்டியலை வைத்தே பேசலாம். அதற்கு முன் எங்களிடம் கேட்க வேண்டியது ஏதும் இருந்தால் நாள் குறித்துச் சொல்லுங்கள். சங்கத் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சேர்ந்தே வருகிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டின் தொழிற்சங்க நிர்வாகிகள், மனிதவள அலுவலர்கள், தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்கள் சிலர்